வலி, ஓட்டம், ஆறுதல்: ஐ.பி.எஸ். குடலுக்கான சீன மூலிகைக் கஷாயம், முழுமையான வழிகாட்டி

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில் ஒரு முறுக்கு. குடல் கடமுடவென்று உருளும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். கழிப்பறைக்கு ஓடினால் மலம் தளர்வாகப் போகும், வலி அடங்கும். அரை மணி நேரத்தில் மறுபடி அதே முறுக்கு. வீட்டில் வாக்குவாதம் நடந்த மறுநாள், தேர்வு நாள், நேர்காணல் நாள் என்றால் இரட்டிப்பாகும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி எதிலும் கோளாறு தெரியாது. டாக்டர் 'ஐ.பி.எஸ்.', அதாவது எரிச்சல் குடல் நோய், என்று எழுதிக் கொடுப்பார்.

சீன மருத்துவத்தில் இந்த நிலைக்கென்றே நான்கு மூலிகைகள் சேர்ந்த ஒரு கஷாயம் இருக்கிறது. பெயர் தோங் ஷியே யாவ் ஃபாங். 'வலியோடு வரும் பேதிக்கு முக்கியமான மருந்து' என்று பொருள். 1281 முதல் 1358 வரை வாழ்ந்த ஜூ தான்ஷி என்ற மருத்துவரின் மரபில் வந்தது. 1584இல் வூ குன் என்ற மருத்துவர் இதற்கு எழுதிய விளக்கத்தைச் சீன மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். பேதிக்குக் காரணம் மண்ணீரல், வலிக்குக் காரணம் கல்லீரல். மண்ணீரல் தளர்ந்து, கல்லீரல் இறுகி அதன்மேல் ஏறும்போது வலியும் பேதியும் சேர்ந்து வருகின்றன என்பது அதன் சாரம். இங்கே கல்லீரல், மண்ணீரல் என்பவை ஸ்கேனில் தெரியும் உறுப்புகள் அல்ல. 'மண்ணீரல்' என்றால் உண்டதைச் செரித்து உடம்பில் சேர்க்கும் சக்தி. 'கல்லீரல்' என்றால் உடலின் ஓட்டத்தையும் மன உணர்ச்சியையும் சீராக வைக்கும் சக்தி. கோபமும் பதற்றமும் குடலை ஏன் பிடிக்கின்றன என்பதற்கு அவர்கள் சொன்ன விடை இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எஸ்.ஸுக்கு என்று ஒற்றைச் சீன மருந்து கிடையாது. அதே நோய்ப்பெயரோடு ஐந்து பேர் போனால் ஐந்து விதமான சீட்டு வரலாம். 'வயிற்றுக்கு நல்லதாக ஒன்று கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் டப்பா பலருக்கும் பலன் தராததற்கு முதல் காரணம் இதுதான். பதிவுபெற்ற சீன மருத்துவர் ஒருவர் உங்கள் நாக்கையும் நாடியையும் பார்த்துச் சீட்டு எழுதட்டும். அந்தச் சீட்டில் இருப்பது என்ன, ஏன், அதை வீட்டில் எப்படிச் சரியாகச் செய்வது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

முதல் படி: இது ஐ.பி.எஸ். தானா?

மூலிகையைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். ஐ.பி.எஸ்.ஸைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வந்த ரோம் 4 வரையறை இப்படி: கடந்த மூன்று மாதங்களாக, சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையது, மலம் போகும் தடவை மாறுவது, மலத்தின் பதம் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோயோ குடல் அழற்சியோ இருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் குடல் மருத்துவரிடம் போங்கள். மற்றவர்களும் ரத்த எண்ணிக்கை, உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, கோதுமையின் குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் மலத்தில் எவ்வளவு என்பது ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் கூடவே எடுத்து வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் தேவைப்படும்.

இரண்டாம் படி: இரண்டு வாரக் குறிப்பேடு

மருந்து தொடங்குவதற்கு முன் 14 நாள் எழுதுங்கள். வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, எத்தனை தடவை போனது, மலத்தின் பதத்தை 1 முதல் 7 வரை பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணைப்படி மலம் எந்த வகை (1, 2 என்றால் கட்டி, 6, 7 என்றால் தளர்ச்சி), போன பிறகு வலி குறைந்ததா, அன்றைக்கு மனநிலை எப்படி, எத்தனை மணிக்குத் தொந்தரவு. இந்த ஆறும் போதும். ஐ.பி.எஸ். ஒரு வாரம் தானாக அடங்கி மறுவாரம் தலைதூக்கும் நோய். பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால், தானாக வந்த நல்ல வாரத்தை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். கெட்ட வாரம் வந்தால் நல்ல மருந்தையும் தூக்கிப்போட்டுவிடுவோம்.

மருத்துவமனைகளில் பயன்படுத்தும் ஐ.பி.எஸ். தீவிர அளவுகோல் 0 முதல் 500 வரை போகும். 75 முதல் 175 வரை லேசு, 300க்கு மேல் கடுமை. 50 புள்ளியாவது குறைந்தால்தான் உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படிவம் கிடைத்தால் தொடங்கும் நாளிலும் நான்காம் வார முடிவிலும் நிரப்புங்கள்.

மூன்றாம் படி: எந்த வகைக் குடல்?

இந்தப் படியில் தவறினால் அதற்குப் பின் செய்வது எல்லாம் வீண்.

முதல் வகை மேலே சொன்னதுதான். வயிறு உருளும், வலிக்கும், உடனே போகும், போனதும் வலி தணியும், மறுபடி வரும். மனக்கலக்கத்தோடு கூடும். நாக்கு வெளிறி, மேலே மெல்லிய வெள்ளைப் படிவு இருக்கும். நாடி பார்ப்பவர் இடக்கையில் வில்நாண்போல் இறுக்கமும் வலக்கையில் மந்தமும் இருப்பதாகச் சொல்வார். இவர்களுக்குத்தான் தோங் ஷியே யாவ் ஃபாங். அஜீரணப் பேதியிலும் போனதும் வலி குறையும். ஆனால் அதில் அழுகிய முட்டை நாற்றமும் புளித்த ஏப்பமும் இருக்கும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, மண்ணீரல் தளர்ச்சி மட்டும் உள்ளவர்கள். வலி பெரிதாக இருக்காது. கொஞ்சம் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டாலே மலம் தளரும், செரிக்காத துணுக்குகள் தெரியும், சாப்பிட்டதும் சோர்வு வரும், முகம் வெளிறியிருக்கும். நாக்கின் ஓரத்தில் பல்தடம் பதிந்திருக்கும். இவர்களுக்கு சீனாவின் சோங் அரச மரபுக் காலத்திலிருந்து வரும் ஷென் லிங் பாய் ஜூ சான் என்ற பத்து மூலிகைச் சூரணம். ஜின்செங், பாய் ஜூ, ஃபூ லிங் என்ற காளான், அதிமதுரம், சீன வள்ளிக்கிழங்கு, வெள்ளை மொச்சை, தாமரை விதை, யீ யீ ரென் என்ற மணித் தானியம், நம் ஏலக்காய்க்கு உறவான ஷா ரென், ஜியே கெங் வேர். பாதிக்குமேல் சமையலறைப் பண்டங்கள் என்பதால் ஒரு வேளைக்கு 6 கிராம் என்று நீண்ட நாள் எடுக்கக்கூடிய மென்மையான மருந்து. பருப்பு, பயறு சாப்பிட்டாலே வயிறு ஊதும் ஆட்கள் மட்டும் மொச்சை இருப்பதை மருத்துவரிடம் சொல்லி அதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, விடியற்காலைப் பேதி. நாலு, ஐந்து மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலித்து எழுப்பும், போனதும் சரியாகும், கைகால் சில்லென்று இருக்கும், இடுப்பு வலிக்கும். வயதானவர்களிடம் அதிகம். தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி என்பதால் முதல் படியில் சொன்ன பரிசோதனைகள் இவர்களுக்குக் கட்டாயம். மருந்து சி ஷென் வான் என்ற உருண்டை. இதில் இரண்டு பொருள் நமக்கு நன்றாகத் தெரிந்தவை: ஜாதிக்காயும், பூ கூ ஸி என்று சீனர் அழைக்கும் கார்போகரிசியும். பழைய அளவில் கார்போகரிசி 4 பங்கு, ஜாதிக்காய் 2, வூ வெய் ஸி 2, வூ ஜூ யூ 1, கூட இஞ்சியும் சீன இலந்தையும். படுக்கப்போகும் முன் எடுக்க வேண்டும். காலையில் எடுத்தால் மருந்தின் சூடு இரவுக்குள் தீர்ந்துவிடும், விடியலின் குளிர்ச்சியைத் தாங்காது என்பது பழைய மருத்துவர்கள் சொன்ன காரணம். கார்போகரிசி சிலருக்குக் கல்லீரலைத் தாக்குவது பதிவாகியிருக்கிறது. தோலில் வெயில் பட்டால் சிவந்து கொப்பளிக்கவும் செய்யும். கல்லீரல் பரிசோதனை இல்லாமல் இதை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

நான்காவது, வெப்பமும் ஈரமும். மலம் மஞ்சளாக, பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு, ஆசனவாயில் எரிச்சலோடு போகும். நாக்கில் மஞ்சள் மாவு பூசினாற்போல் இருக்கும். ஹுவாங் லியன் என்ற கசப்பு வேர் சேர்ந்த கே கென் சின் லியன் தாங் என்ற கஷாயத்தைக் கொடுப்பார்கள். இந்த வகைக்குத் தோங் ஷியே யாவ் ஃபாங் கொடுத்தால் எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரிதான், ஏனென்றால் அதன் மூலிகைகள் பெரும்பாலும் உஷ்ணமும் வறட்சியும் தருபவை.

மலச்சிக்கல் மேலோங்கியவர்களுக்கு வேறு வழி. மா ஸி ரென் வான் என்ற சணல் (ஹெம்ப்) விதை உருண்டையைப் பற்றி ஹாங்காங்கில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறு பாதிக்கு மருந்துச் சத்தில்லாத போலி மருந்தையும் 7.5 கிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மருந்தைவிட நல்ல பலன் தெரிந்தது. அது சாதாரண மலச்சிக்கலுக்கான ஆய்வு, ஐ.பி.எஸ்.ஸுக்கானது அல்ல. அதில் தா ஹுவாங் என்ற பேதி வேர் இருப்பதால் வருடக்கணக்கில் எடுக்கும் பொருளும் அல்ல.

ஆய்வுகள் எந்த அளவுக்குத் துணை நிற்கின்றன?

1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த சிட்னி ஆய்வுதான் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. 116 நோயாளிகள், மூன்று குழு, 16 வாரம். ஒரு குழுவுக்கு 20 மூலிகை சேர்ந்த பொதுக் கலவை, ஒரு குழுவுக்கு ஆளுக்கேற்ற தனிக் கலவை, ஒரு குழுவுக்குப் போலி. எல்லோருக்கும் வேளைக்கு 5 கேப்ஸ்யூல், தினம் மூன்று வேளை. தேறியதாக நோயாளிகளே சொன்னது பொதுக் கலவையில் 76%, தனிக் கலவையில் 64%, போலியில் 33%. ஆனால் மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்துப் பார்த்தபோது தனிக் கலவை எடுத்தவர்களிடம் மட்டுமே முன்னேற்றம் நிலைத்திருந்தது. அந்த 20 மூலிகைப் பட்டியலில் தோங் ஷியே யாவ் ஃபாங்கின் நான்கு மூலிகைகளும் இருந்தன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2006இல் வெளியான ஹாங்காங் ஆய்வில் பேதி வகை ஐ.பி.எஸ். உள்ள 119 பேரில் ஒரு பகுதியினருக்கு 11 மூலிகை கொண்ட ஒரே கலவையையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் 8 வாரம் கொடுத்தார்கள். போலி மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சீனாவில் நடந்த ஆய்வுகள் பல இருந்தாலும் பெரும்பாலானவை தரத்தில் பலவீனமானவை. ஆகவே நிச்சயம் குணமாகும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். முறையாகச் செய்து பார்க்கத் தகுதியான வழி இது, அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

நான்காம் படி: நான்கு மூலிகை, சரியான அளவு, சரியான சரக்கு

பழைய விகிதம் பாய் ஜூ 3, பாய் ஷாவ் 2, சென் பீ 1½, ஃபாங் ஃபெங் 1. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இப்படி வரும்:

வறுத்த பாய் ஜூ 18 கிராம்
வறுத்த பாய் ஷாவ் 12 கிராம்
சென் பீ 9 கிராம்
ஃபாங் ஃபெங் 6 கிராம்

மொத்தம் 45 கிராம். ஒல்லியான உடம்பு, வயதானவர் என்றால் மருத்துவர் எல்லாவற்றையும் விகிதம் மாறாமல் பாதியாக்குவார். மாதக்கணக்காகப் பேதி விடாதவர்களுக்கு வறுத்த ஷெங் மா சேர்ப்பது பழைய ஏட்டிலேயே இருக்கும் குறிப்பு. இறங்கிப்போன சக்தியை மேலே தூக்க என்று காரணம் சொல்வார்கள்.

பாய் ஜூ ஒரு கிழங்குத் தண்டு. மண்ணீரலைத் தாங்கி ஈரத்தை உலர்த்தும். செஜியாங் மாகாணச் சரக்குக்குப் பெயர் அதிகம். வெட்டுமுகம் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும், அதில் பழுப்பு மஞ்சளில் எண்ணெய்ப் புள்ளிகள் சிதறியிருக்க வேண்டும். மென்றால் லேசாகப் பிசுபிசுக்கும். புள்ளிகள் செம்மண் நிறத்தில் பளிச்சென்று இருந்து வாசனை குப்பென்று தூக்கினால் அது சாங் ஜூ, இன்னொரு மூலிகை. ஈரத்தை உலர்த்தும், ஆனால் பாய் ஜூ அளவுக்கு மண்ணீரலைத் தாங்காது.

பாய் ஷாவ் என்பது தோல் சீவி, வேகவைத்துக் காயவைத்த வெள்ளைப் பியோனி வேர். இறுகிய தசையைத் தளர்த்தி வலியை அடக்குவது இதன் வேலை. தோலோடு இருந்தால் அது சி ஷாவ் என்ற சிவப்புப் பியோனி. ரத்த ஓட்டத்துக்கானது, இங்கே வேண்டாம்.

சென் பீ, பழகிய கமலா ஆரஞ்சுத் தோல். குவாங்தோங் மாகாணத்தின் ஷின்ஹுவேய் சரக்குதான் முதல் தரம், குறைந்தது மூன்று வருடம் வைத்துப் பழக்கியது. வெளிப்புறம் பழுப்பேறி எண்ணெய்க் குழிகள் தெரிய வேண்டும். வீட்டில் சாப்பிட்ட பழத்தின் தோலை வெயிலில் போட்டுப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மெழுகும் பூச்சிமருந்தும் படிந்த தோல் அது, புதுத் தோலின் காரமும் வேறு. வேண்டாம்.

ஃபாங் ஃபெங்கின் பெயருக்குக் 'காற்றைத் தடுப்பது' என்று பொருள். மற்ற மூன்றையும் சேர்த்திழுத்துப் போவது இந்தக் கொஞ்சூண்டு வேர்தான். வடகிழக்குச் சீனாவிலிருந்து வருவது நல்லது. வேரின் தலைப்பகுதியில் மண்புழு உடம்புபோல் நெருக்கமான வளையங்கள் இருக்கும். செடி பூத்துவிட்டால் வேர் கட்டையாகிவிடும், அந்த வேரில் சத்தில்லை. துண்டு மரக்குச்சிபோல் கடினமாக, வாசனையின்றி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கந்தகப் புகைபோட்ட சரக்கு பெரிய தொல்லை. பூச்சி வராமலும் பளிச்சென்று தெரியவும் இப்படிச் செய்கிறார்கள். சீன அரசின் மருந்துத் தர நூல் பாய் ஜூ, பாய் ஷாவ் இரண்டுக்கும் கிலோவுக்கு 400 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு வரை அனுமதிக்கிறது, பெரும்பாலான மற்ற மூலிகைக்கு 150தான். துண்டு வெள்ளைத் தாள்போல் வெளுத்திருந்தாலோ, பையைத் திறந்ததும் புளிப்பு நெடி மூக்கில் ஏறினாலோ, நாக்கில் வைத்தால் புளித்தாலோ வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: வறுத்ததா, பச்சையா?

இந்தச் சீட்டில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பாய் ஜூவைப் பச்சையாகப் போட்டால் மலத்தை இளக்கும். 30 முதல் 60 கிராம் வரை பச்சை பாய் ஜூவை மலச்சிக்கலுக்கே கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பேதிக்காரர் அதை 18 கிராம் குடித்துவிட்டு 'சீன மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்துவது வழக்கமாக நடக்கிறது. சீட்டில் 'வறுத்தது' என்று எழுதியிருக்கிறதா, கடைக்காரர் வறுத்ததைத்தான் போட்டாரா, இரண்டையும் பாருங்கள். வறுத்தது பழுப்பு மஞ்சளாக, கருகலும் நறுமணமும் கலந்த வாசனையோடு இருக்கும்.

கடையில் பச்சைதான் கிடைக்கிறது என்றால் தவிட்டில் வறுத்துக்கொள்ளலாம். மருந்து நூலின் கணக்கு 100 கிலோவுக்குத் தேனில் பதப்படுத்திய கோதுமைத் தவிடு 10 கிலோ. வீட்டில் 100 கிராமுக்கு 10 கிராம். அகலமான வாணலியை நன்றாகக் காயவிட்டுத் தவிட்டைத் தூவுங்கள். சில நொடியில் புகை கிளம்பும். புகை வந்த அந்த நேரத்தில்தான் பாய் ஜூ துண்டுகளைப் போட வேண்டும், முன்னால் போட்டால் தவிடு ஒட்டிக்கொள்ளும், நிறம் ஏறாது. தீயை மிதமாக்கி, கரண்டி நிற்காமல் புரட்டுங்கள். வெள்ளை மங்கி, ஓரத்தில் பொன்னிறம் ஏறி, பிறகு முழுத்துண்டும் பழுப்பு மஞ்சளாகும். ரொட்டி சுடுகிற வாசனை வரும். உடனே இறக்கிச் சல்லடையில் தவிட்டைச் சலித்துவிடுங்கள். கறுத்துவிட்டால் அது கரி. சூட்டில் பாய் ஜூவின் காரமான எண்ணெய் குறைகிறது, அட்ராக்டிலோன் என்ற பொருள் அட்ராக்டிலெனோலைடுகளாக மாறுகிறது. அதனால்தான் ஒரே கிழங்கு இரண்டு மருந்துபோல் நடந்துகொள்கிறது.

பாய் ஷாவுக்குத் தவிடு வேண்டாம். வெறும் வாணலியில் இளந்தீயில் லேசாக மஞ்சளிக்கும் வரை புரட்டினால் போதும். பச்சை பாய் ஷாவும் மலத்தை இளக்கும் குணம் கொண்டதே. சென் பீ, ஃபாங் ஃபெங் இரண்டையும் வறுக்காதீர்கள், வாசனை எண்ணெய் போய்விடும். சீலியாக் உள்ளவர்கள் தவிட்டில் வறுத்த சரக்கைத் தவிர்த்து, வெறும் வாணலியில் வறுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: காய்ச்சுதல்

மண்சட்டி, எனாமல், கண்ணாடி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவற்றில் ஒன்று. இரும்பிலும் அலுமினியத்திலும் வேண்டாம். பாய் ஷாவில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கஷாயம் கறுக்கும். குக்கரும் வேண்டாம், தண்ணீர் எவ்வளவு வற்றியது என்று தெரியாது, விசிலோடு சென் பீயின் வாசனை எண்ணெயும் போய்விடும்.

மூலிகைகளைத் தண்ணீரில் ஒருமுறை சட்டென்று அலசிவிட்டுச் சட்டியில் போடுங்கள். 600 மி.லி. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூலிகைக்கு மேல் இரண்டு விரல் நிற்கும். அரை மணி நேரம் ஊறட்டும். கொதிக்கும் தண்ணீரில் நேரடியாகப் போட்டால் வேரின் வெளிப்புறம் இறுகி உள்ளிருப்பது இறங்காது. பெருந்தீயில் கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி, மூடி போட்டு 20 முதல் 25 நிமிடம். 200 மி.லி. அளவுக்கு வற்றியதும் வடிகட்டுங்கள். அதே மூலிகையில் 400 மி.லி. சுடுதண்ணீர் விட்டு இன்னொரு 20 நிமிடம் காய்ச்சி, இன்னொரு 200 மி.லி. எடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து இரண்டு வேளைக்குப் பிரியுங்கள். கலக்காமல் காலையில் முதல் வடிப்பும் மாலையில் இரண்டாம் வடிப்பும் குடித்தால் காலையில் கடுமை, மாலையில் வெறும் தண்ணீர் என்றாகிவிடும்.

சீட்டில் ஷா ரென் இருந்தால் இடித்துக் கடைசி 5 நிமிடத்தில் போடுங்கள். சின்ன விதைகளைத் துணியில் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் அடியில் பிடிக்கும். ஃபூ ஸி என்ற அகோனைட் வேர் சீட்டில் இருந்தால் மருத்துவர் சொன்ன நேரம் முழுக்க அதை மட்டும் முதலில் தனியாகக் கொதிக்கவிட வேண்டும், குறைத்தால் விஷம். அதை வீட்டு முயற்சியாக ஒருபோதும் தொடாதீர்கள்.

காய்ச்ச நேரமில்லாதவர்கள் குருணை மருந்து வாங்கலாம். பெரும்பாலும் 5 கிராம் மூலிகைக்கு 1 கிராம் குருணை என்ற அளவில் செறிவாக்கியிருப்பார்கள். அப்படியானால் 45 கிராமுக்கு 9 கிராம். ஆனால் உறையில் அச்சிட்ட சமன் அளவை நம்பிக் கணக்குப் போடுங்கள், மூலிகைக்கு மூலிகை மாறும். 150 மி.லி. கொதிக்கும் நீரில் கலக்கி மூடி வைத்து, ஆறியதும் குடியுங்கள். நிரப்புப் பொருளாக லாக்டோஸ் சேர்த்திருந்தால் பால் ஒத்துக்கொள்ளாத குடலுக்கு அதுவே பேதி தரும். தேன் உருண்டைகளும் அப்படித்தான், தேனின் ஃபிரக்டோஸ் ஐ.பி.எஸ். குடலில் வாயுவைக் கிளப்பும். கஷாயத்தில் தேன் சேர்க்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

ஏழாம் படி: குடிப்பதும் கவனிப்பதும்

வெதுவெதுப்பாக, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, காலை ஒரு வேளை மாலை ஒரு வேளை. தைராய்டு, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மிச்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே குடித்தால் அந்தக் குளிர்ச்சியே வயிற்றைப் பிடிக்கும்.

வாரம் ஒருமுறை குறிப்பேட்டோடு மருத்துவரைப் பாருங்கள். வலி குறைந்து, மலம் 3, 4 வகைக்கு வந்தால் சரியான பாதை. வலி போய் பேதி மட்டும் மிச்சமிருந்தால் ஷென் லிங் பாய் ஜூ சான் பக்கம் நகர்த்துவார். பேதி நின்று வலி மட்டும் மிச்சமிருந்தால் பாய் ஷாவைக் கூட்டுவார். மலம் 1, 2 வகைக்கு இறுகினால் பாய் ஜூவைக் குறைக்க வேண்டும். வாய் காய்ந்து கசந்து, நாக்கு மஞ்சளித்தால் வெப்ப வகையைத் தவறாகக் கணித்திருக்கலாம், உடனே நிறுத்திச் சொல்லுங்கள். நான்கு வாரத்தில் குறிப்பேட்டில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் சீட்டை மாற்றிக் கேளுங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகும் இல்லையென்றால் இந்த வழியில் பணம் கரைக்க வேண்டாம்.

எங்கே ஆபத்து?

வயிற்று வலிக்கும் உப்புசத்துக்கும் மூ ஷியாங் சேர்ப்பது வழக்கம். இது இமயமலையில் விளையும் நம் கோஷ்டம்தான். முன்பு இந்தியாவிலிருந்து குவாங்ஜோ துறைமுகம் வழியாகச் சீனாவுக்குப் போனது, அதனால் குவாங் மூ ஷியாங் என்ற பெயர். இப்போது யுன்னானில் பயிரிடுகிறார்கள். பெயரில் ஒத்த சிங் மூ ஷியாங் முற்றிலும் வேறு செடியின் வேர். அதில் சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயும் தரும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சீனா 2004இல் அதன் மருந்துத் தரத்தை ரத்து செய்தது. பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளிவந்தது. அங்கேயும் ஃபாங் ஜீ என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒத்த, இதே அமிலம் உள்ள இன்னொரு ஃபாங் ஜீ கலந்ததுதான் காரணம். சீட்டில் தாவரவியல் பெயரும் எழுதச் சொல்லுங்கள், கடையில் அதைக் காட்டி வாங்குங்கள்.

ஹுவாங் லியன் உள்ள மருந்துகள் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு ஆகாது. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததால் சிங்கப்பூர் 1978இல் ஹுவாங் லியனில் உள்ள பெர்பெரின் என்ற சத்தைத் தடைசெய்தது, பல ஆண்டுகள் கழித்தே தளர்த்தியது. அங்கும் மலேசியாவிலும் இருப்பவர்கள் குடும்பத்தில் இந்தக் குறைபாடு உண்டா என்று முதலில் கேளுங்கள். மலேசியாவில் வாங்கும் டப்பாவில் மால் என்று தொடங்கி டி எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், பெயரைப் பதிவேட்டில் பார்க்கலாம்.

அதிமதுரம் அதிகம் உள்ள சீட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பாய் ஷாவையும் டாக்டருக்குத் தெரியாமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் இந்த வழிகாட்டியை வைத்து எதையும் தொடங்க வேண்டாம். கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், உடம்பெல்லாம் அரித்தால் அன்றைக்கே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை எடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் நான்காவது வாரத்தில் ஒருமுறை எடுத்து, முதலில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நிறுத்துவது எப்படி?

தொடர்ந்து நான்கு வாரம் வலி 2க்குக் கீழே, மலம் 3, 4 வகையில் நின்றால் குறைக்கத் தொடங்கலாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள். பிறகு முழு நிறுத்தம். குறிப்பேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள், இன்னும் மூன்று மாதம் எழுதுங்கள். இடையில் ஒரு கெட்ட நாள் வந்தால் உடனே சட்டியை ஏற்ற வேண்டாம். அடுத்தடுத்து மூன்று நாள் பழைய முறுக்கும் ஓட்டமும் வந்தால், நாக்கைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இந்தத் தடவை நாக்கும் நாடியும் வேறு வகையைக் காட்டலாம், அப்போது பழைய சீட்டு பொருந்தாது.